ரீட் அலாங், நூலகம், ஸ்டோரிவீவர்: எங்கள் வீட்டில் எது நின்றது?

மகள் இரண்டாம் வகுப்பு. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பாள், வாக்கியம் முடிவதற்குள் முதல் சொல் மறந்துவிடும். போதாக்குறைக்கு இருட்டைக் கண்டால் பயம், புதுப் பள்ளியில் யாரோடும் பேசக் கூச்சம். வாசிப்புக்கும் மனசுக்கும் சேர்த்து உதவுகிற மாதிரி எதையாவது தேடியதில் மிஞ்சியவை மூன்று: கூகுளின் ரீட் அலாங் செயலி, பக்கத்துக் கிளை நூலகம், பிரதம் புக்ஸ் பதிப்பகம் குழந்தைக் கதைகளை இலவசமாகத் தரும் ஸ்டோரிவீவர் இணையதளம். நாங்கள் ஸ்டோரிவீவர் பக்கம் சாய்ந்துவிட்டவர்கள், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

ரீட் அலாங் 2019இல் போலோ என்ற பெயரில் வந்தது. பிள்ளை சத்தமாக வாசிக்க, தியா என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்து, தடுமாறும் சொல்லைச் சொல்லிக்கொடுத்து நட்சத்திரமும் தரும். இறக்கிவைத்த கதைகளுக்கு இணையம்கூட வேண்டாம். சரளமாக வாசிக்கப் பழக இதுதான் வேகமான வழி, அதிலும் நம் முன்னால் திக்கித் திணற வெட்கப்படும் பிள்ளைகளுக்கு ரொம்பவே நல்லது. ஆனால் கதையில் நாய்க்குட்டி தொலைந்துபோனாலும் தியாவுக்குக் கவலை இல்லை. நட்சத்திரம் விழுந்ததும் மகள் அடுத்த கதைக்கு ஓடிவிடுகிறாள்.

நூலகம் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது, பிள்ளையை அழைத்துப் போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதி ஒன்று போதும். எங்கள் கிளை நூலகத்தில் படக்கதைகள் குறைவு, அதுதான் சிக்கல்.

ஸ்டோரிவீவர் 2015இல் தொடங்கியது. தமிழிலும் கதைகள் நிறைய, வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நிலை நிலையாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். இவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் பிடிஎஃப்பை இறக்கி அச்செடுப்பதில் எந்தத் திருட்டுத்தனமும் இல்லை. எங்களுக்கு முடிவைச் சொன்னது இந்த அச்செடுக்கும் வசதிதான்.

ஏனென்றால், பயந்த பிள்ளைக்குப் புதுக்கதை வேண்டியதில்லை, தெரிந்த கதைதான் வேண்டும். அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரிந்திருப்பதே ஒரு தைரியம். இருட்டைப் பற்றிய கதை ஒன்றை மகள் திரும்பத் திரும்பக் கேட்கிறாள், ஒருநாள் ஒரு படத்தைக் கையால் மூடிவிட்டு வாசிக்கச் சொல்வாள், இன்னொரு நாள் அதே படத்தைக் காட்டி "இவன் ஏன் அழுவுறான்?" என்பாள், அந்தக் கேள்வி வந்த அன்றைக்குத்தான் பள்ளியில் நடந்ததும் வெளியே வரும். நூலகப் புத்தகம் என்றால் அதற்குள் திருப்பிக் கொடுக்கும் தேதி வந்துவிடும். ஃபோனில் அதே கதையைத் திறந்தால் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், இல்லையென்றால் விரல் யூடியூபுக்குப் போய்விடும். ஜெராக்ஸ் கடையில் எடுத்து ஸ்டேப்ளர் அடித்த தாள் தலையணைக்கடியிலேயே கிடக்கிறது. கலரில் எடுத்தால் காசு கரையும், கறுப்பு வெள்ளை போதும், வண்ணத்தை அவளே அடித்துக்கொள்கிறாள்.

குறை இல்லாமல் இல்லை. மொழிபெயர்ப்புகள் பலர் கைபட்டவை, சிலவற்றில் தமிழ் விறைத்துக்கொண்டு நிற்கும். நிலை எண்ணை மட்டும் நம்பாமல் நீங்கள் ஒருமுறை வாசித்துவிட்டு அச்செடுங்கள். பக்கத்தில் உட்கார நேரமே இல்லாத வீடு என்றால் ரீட் அலாங்தான் சரி, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு இப்படி அச்செடுத்து வாசிப்பது எந்த அளவு ஒத்துவரும் என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. அப்புறம், பிள்ளை சாப்பாடு, தூக்கம் எல்லாம் விட்டு நாள்கணக்கில் ஒடுங்கிக் கிடந்தால் கதையை நம்பி உட்காராதீர்கள். மனநலத்துக்கான டெலி மானஸ் எண் 14416 இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். யாராவது பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.