அகராதியிலிருந்து கதை: நான்கு ஆண்டு அனுபவம்

விடுமுறை நாட்களில் சிறுகதை எழுதுவது என் பொழுதுபோக்கு. எதைப் பற்றி எழுதுவது என்று யோசிப்பதிலேயே பாதி ஞாயிறு போய்விடும். காலையில் எழுந்ததும் மூன்று பக்கம் கிறுக்கிப் பார்த்தேன், பேருந்தில் காதில் விழும் பேச்சைக் குறித்து வைத்தேன். எதுவும் இரண்டு மாதத்துக்கு மேல் ஓடவில்லை. நிலைத்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி மட்டும்தான். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். எனக்குக் கிடைத்தவை பழைய புத்தகக் கடையில் வாங்கிய, தையல் விட்டுப்போன இரண்டு தொகுதிகள்.

ஏதோ ஒரு பக்கத்தைப் பிரிப்பேன். ஒட்டாத பொருள்கள் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றனவா என்று தேடுவேன். அவ்வளவுதான் வழிமுறை.

‘கவலை’ என்றால் மனக்கவலை என்றுதான் இருந்தேன். இரண்டாகப் பிரியும் வழிக்கும் அதே பெயர். ஒரு கிழங்குக்கும் அதே பெயர். கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிறார்களே, அதுவும் கவலைதான். என் தாத்தா கவலை இறைத்தவர். பம்புசெட் வாங்குவதற்காக இறவை மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போகிற ஒருவர், வழி பிரியும் இடத்தில் நின்றுவிடுகிறார். கதை தானாக வந்தது; இரண்டே இரவில் பதினொரு பக்கம். அப்புறம் ‘வடு’. பிஞ்சு மாங்காயும் அதுதான், தழும்பும் அதுதான். ஊறுகாய் ஜாடிக்குள் கைவிடும் ஒரு பாட்டியின் தீக்காயத் தழும்பு கண்ணில் பட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் ஆண்டு ஒரு தவறு செய்தேன். கிடைத்த பழஞ்சொற்களை அப்படியே கதைக்குள் வைத்தேன். படித்த நண்பர் ஒருவர், பாதியில் மூச்சு முட்டியது என்றார். அவர் சொன்னது சரி. இப்போது சொல்லை வெளியே விட்டுவிட்டு, பொருள்களை மட்டும் உள்ளே கொண்டுபோகிறேன்.

சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் முழு அகராதியும் இலவசமாகவே கிடைக்கிறது. சரிபார்க்க அது மிக வசதி. ஆனால் அங்கே நமக்குத் தெரிந்த சொல்லைத்தான் தட்டுகிறோம். தெரியாத சொல் எதிரே வந்து நிற்பது காகிதத்தைப் புரட்டும்போதுதான். அதனால் தூசி தும்மலையும் மீறி அச்சுத் தொகுதிகளையே பரிந்துரைப்பேன். 1930களுக்குப் பிறகு வந்த சொற்களை இதில் எதிர்பார்க்க வேண்டாம். இன்றைய வழக்குக்கு க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் சொல்லும் கதையாகிவிடுவதில்லை. பத்தில் ஒன்று தேறினால் எனக்குப் போதும். ‘எல்லி’ என்றால் பகல், எல்லி என்றால் இரவு. இரவுப் பணி முடிந்து விடியலில் வீடு திரும்பும் ஒரு செவிலியரை வைத்து மூன்று முறை தொடங்கிவிட்டேன், அவர் இன்னும் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. நோட்டில் அந்தச் சொல்லுக்குக் கீழே நான்கு பக்கம் வெற்றாக விட்டிருக்கிறேன்.