பில்லி லையர்: புத்தகமா, படமா?

கீத் வாட்டர்ஹவுஸின் நாவல் 1959இல் வந்தது. ஜான் ஷ்லெசிஞ்சரின் கறுப்பு வெள்ளைப் படம் 1963இல். இரண்டிலும் கதை ஒன்றுதான். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஊர் ஒன்றில், சவ அடக்கக் கம்பெனியில் குமாஸ்தா பில்லி. வாயைத் திறந்தால் பொய். ஒரே மோதிரத்தை வைத்து இரண்டு பெண்களுக்கு நிச்சயம்!

புத்தகத்தில் பில்லியே கதை சொல்கிறான், அதுதான் அதன் பலம். வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப வேண்டிய காலண்டர்களைத் தபாலில் சேர்க்காமல், தபால் காசை அமுக்கிவிட்டு, கட்டுக்கட்டாக வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறான். அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழித்துக்கட்ட அவன் படும் பாட்டில் சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது. அவன் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் நாமும் கூட்டுக்களவாணிதான்.

படத்தில் அந்த நெருக்கம் குறைவு. ஆனால் பிடிக்காதவர்களை அவன் மனசுக்குள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுத்தள்ளும்போது பில்லியாக நடித்த டாம் கோர்ட்னியின் முகத்தைப் பார்க்கவேண்டும்! அப்புறம் அவன் தோழி லிஸாக வரும் ஜூலி கிறிஸ்டி, கைப்பையை வீசிக்கொண்டு தெருவில் நடந்து வரும் அந்தச் சில நிமிடங்கள். எழுத்தில் அதற்கு ஈடில்லை. கடைசியில் அவளோடு ஊரைவிட்டுப் போக ஏறிய லண்டன் ரயில் கிளம்பும் நேரத்தில் பில்லி பால் வாங்க இறங்குகிறானே, அங்கே படம் முந்திவிடுகிறது.

இருந்தாலும் முதலில் புத்தகத்தையே எடுங்கள். ஒரே சனிக்கிழமையில் நடக்கிற கதை, ஒரே சனிக்கிழமையில் முடித்துவிடலாம்.