யுகுலேலேயோடு பாட்டு வெளியிடப் போகும் மலையகப் பிள்ளைகளே, பணம் கட்டுமுன் படியுங்கள்

“உங்கள் பாட்டை உலகமெங்கும் வெளியிட்டுத் தருகிறோம்” என்று முகநூலில் விளம்பரம் போடுகிற ஒரு கொழும்பு நிறுவனத்திடம் 65,000 ரூபாய் கொடுத்தேன். எல்ல என்ற ஊரில் வார இறுதிகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு முன்னால் பாடிச் சேர்த்த காசு. பொலிஸில் முறைப்பாடு இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்களைத்தான் இப்போது அவர்கள் தேடித் தேடிப் பிடிக்கிறார்கள்.

ஸ்பொட்டிஃபை, அப்பிள் மியூசிக், யூடியூப் எல்லாவற்றிலும் பதிவேற்றம், அட்டைப்படம், அதற்கு மேல் ஒரு லட்சம் கேட்புகளுக்கு உத்தரவாதம் என்றார்கள். 2024 முதல் ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்பட்டால்தான் அதற்குக் காசு கணக்கிடப்படும். அந்த விதி உண்மையானது. அதைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். “பாட்டை மட்டும் தாருங்கள் தங்கச்சி, மற்றதை அண்ணன் பார்த்துக்கொள்கிறேன்” என்றார் பேசியவர். பணம் கைமாறிய பிறகு அந்த அண்ணனின் தொலைபேசி ஓய்ந்துவிட்டது.

பாட்டு வெளிவந்தது, கேட்புகளும் மளமளவென்று ஏறின. கேட்டவர்கள் எந்த ஊர் என்று பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே நான் பெயரே கேள்விப்படாத ஒரே வெளிநாட்டு நகரம். பாட்டைச் சேமித்தவர் இல்லை, என்னைப் பின்தொடர்ந்தவர் இல்லை. மென்பொருளை ஓடவிட்டு எண்ணிக்கையை ஊதியிருக்கிறார்கள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோவைக் குறைத்துப் போட்டு ஏமாற்றுகிறவர்களை என் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். கூட்டிப் போட்டு ஏமாற்றுகிறவர்களை நான்தான் எங்கள் வீட்டில் முதலில் பார்த்தேன். இப்படிப்பட்ட போலிக் கேட்புகளைக் கண்டுபிடித்தால் தளம் அவற்றைக் கணக்கிலிருந்து கழித்துவிடும், பாட்டையே நீக்கவும் செய்யும். என் பாட்டு நீக்கப்பட்டது.

இதையெல்லாம் காசோடு போன கதை என்று விட்டிருப்பேன். விட முடியாமல் செய்தது அடுத்த காரியம். எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் எடுத்த என் சொந்தக் காணொளிக்கு, என் சொந்த யூடியூப் அலைவரிசையிலேயே, பதிப்புரிமைக் கோரிக்கை வந்தது! கண்டென்ட் ஐடி என்பது யூடியூப்பின் தானியங்கிப் பொருத்திப் பார்க்கும் முறை. அதில் ஒரு பாட்டை யார் தமது என்று பதிந்து வைத்திருக்கிறார்களோ, அந்த ஒலி வருகிற காணொளிகளின் விளம்பரக் காசை அவர்களால் எடுத்துக்கொள்ள முடியும். இந்த நிறுவனம் என் பாட்டைத் தன் பெயரில் பதிந்துவிட்டது. அதில் எங்கள் அப்பாயி பாடிய தாலாட்டிலிருந்து இரண்டு அடி வருகிறது. அப்பாயியின் தாலாட்டுக்கும் கொழும்பில் ஓர் உரிமையாளர்!

இதே நிலையில் இருப்பவர்கள் உடனே யூடியூப்பில் மறுப்புப் பதியுங்கள். கோரியவர் 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் கோரிக்கை தானாகக் காலாவதியாகும். எனக்கு அப்படித்தான் நீங்கியது. நமது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பாட்டை ஆக்கிய கணமே உரிமை ஆக்கியவருக்கு வந்துவிடுகிறது, எங்கும் பதியத் தேவையில்லை. உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையொப்பமும் வேண்டும். நான் எதிலும் கையொப்பமிடவில்லை. அவர்கள் நீட்டுகிற ‘விண்ணப்பப் படிவத்தில்’ உரிமை மாற்றம் என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையில் பதிவேற்றத்துக்கு இவர்கள் யாருமே தேவையில்லை. பாட்டை இந்தத் தளங்களுக்கு அனுப்பிவைக்கும் வெளிநாட்டு விநியோக நிறுவனங்களில் ஒரு வங்கி அட்டையை வைத்து நாமே கணக்குத் திறக்கலாம். அப்படியும் ஆள் வேண்டுமென்றால், கணக்கு யார் பெயரில், உரிமையாளர் என்று யாரைப் போடப் போகிறீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று எழுத்தும் இலக்கமுமாகப் பன்னிரண்டு இடம் கொண்ட அடையாளக் குறியீடு உண்டு. அதையும் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் மாறும்போது பழைய கேட்புக் கணக்கைக் கொண்டுபோக அதுதான் உதவும். கேட்பு எண்ணிக்கைக்கு உத்தரவாதம் தருகிறவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

பணம் இன்னும் திரும்பவில்லை. பாட்டை மறுபடி ஒலிப்பதிவு செய்து என் கணக்கிலேயே வெளியிட்டிருக்கிறேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்திலும் முறையிட்டிருக்கிறேன். நீங்களும் இவர்களிடம் கட்டியிருந்தால் வங்கிச் சீட்டையும் வட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாமல் நீங்களும் முறையிடுங்கள்.