குழம்புக்கு முன் தராசு: உணவுச்சத்து அட்டவணையோடு சில ஆண்டுகள்

நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் ஊட்டச்சத்தைப் பற்றிக் கற்றுக்கொள்ள எதை வாங்கலாம் என்று கேட்டால், இரண்டு பொருள்களைச் சொல்வேன். ஒன்று, ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச்சத்து அட்டவணை. மற்றொன்று, கிராம் கணக்கில் நிறுக்கும் சாதாரண டிஜிட்டல் தராசு. சில ஆண்டுகளாக என் மாரத்தான் பயிற்சிக்கான சாப்பாட்டை இவற்றை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

1918-இல் குன்னூரில் பெரிபெரி என்ற வைட்டமின் குறைபாட்டு நோயை ஆராயத் தொடங்கிய ஒரு சிறு பிரிவுதான் வளர்ந்து இந்த நிறுவனமானது. நாட்டை ஆறு மண்டலங்களாகப் பிரித்து, மாதிரிகளைத் திரட்டி, 528 உணவுப் பொருள்களை ஆய்வகத்தில் சோதித்து இந்த அட்டவணையைத் தயாரித்திருக்கிறார்கள். செயலிகளில் 'ஒரு கிண்ணம் சாம்பார்' என்று தேடினால் ஒவ்வொன்றும் ஒரு கணக்குச் சொல்லும். யார் வீட்டுச் சாம்பார், எவ்வளவு பருப்பு போட்டது என்று தெரியாது. அட்டவணையோ பச்சைப் பொருளுக்கு, நூறு கிராமுக்கு இவ்வளவு என்று சொல்லிவிடுகிறது. மீதி நம் அடுப்படியில்தான் இருக்கிறது.

சாம்பாரையே எடுத்துக்கொள்வோம். குக்கரில் போடுவதற்கு முன் துவரம் பருப்பை நிறுத்தால், எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு 100 கிராம். அதில் புரதம் ஏறத்தாழ 22 கிராம். ஆளுக்கு ஐந்தரை கிராம்தான்! அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் வேறு இரண்டு உணவியல் அமைப்புகளும் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, விளையாட்டு வீரர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 72 கிராம். 'பருப்புதான் தினமும் சாப்பிடுகிறோமே' என்ற நம்பிக்கை இந்தக் கணக்கின் முன் நிற்காது. நான் சேர்த்தவை விலை உயர்ந்தவை அல்ல: மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல் (50 கிராம் காய்ந்த கடலையில் 9 கிராம் புரதம்), ஒரு கைப்பிடி நிலக்கடலை, முட்டை, கூடுதலாகத் தயிர், வாரத்தில் சில நாள் மீன். புரதப் பொடி டப்பாவை நான் குறை சொல்லவில்லை. சுண்டலும் முட்டையும் வந்த பிறகு எனக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

இட்லிக் கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. அட்டவணையில் இட்லி கிடையாது. முட்டை வகைகளைத் தவிரச் சமைத்த உணவு கிடையாது. ஆகவே 400 கிராம் புழுங்கலரிசி, 100 கிராம் உளுந்து என்று நிறுத்து ஊற வைத்து, அந்த மாவில் எத்தனை இட்லி வருகிறது என்று எண்ணினேன். முப்பத்தாறு. ஓர் இட்லிக்கு மாவுச்சத்து சுமார் 10 கிராம், புரதம் ஒன்றரை கிராம். ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு. அறுபது கிலோ எடைக்கு அது ஆறு இட்லி. அத்தனையையும் விழுங்கிவிட்டு யாரும் ஓட முடியாது. மூன்று இட்லியோடு ஒரு வாழைப்பழமும் சர்க்கரை போட்ட காபியும் என்றால் வயிறும் கனக்காது, அளவும் கிட்டத்தட்ட எட்டிவிடும்.

ஓட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நான் பானகம் எடுத்துச் செல்கிறேன்: அரை லிட்டர் தண்ணீர், 40 கிராம் வெல்லம், எலுமிச்சை, சுக்கு, தாராளமாக ஒரு சிட்டிகை உப்பு. நூறு கிராம் வெல்லத்தில் சுமார் 85 கிராம் மாவுச்சத்து என்பதால் ஒரு பாட்டிலில் 34 கிராம் வந்துவிடும். சென்னை வெயிலில் கடைசிக் கிலோமீட்டர்களில் கால் தளர்வது இதனால் வெகுவாகக் குறைந்தது.

குறைகளும் உண்டு. ஆற்றலைக் கிலோஜூலில் கொடுத்திருக்கிறார்கள். கலோரி வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் 4.184-ஆல் வகுக்க வேண்டும். பால் இருக்கிறது, பன்னீர் இருக்கிறது, நாம் தினமும் சாப்பிடும் தயிர் இல்லை. ஒரு கீரையைத் தேடப் பல பக்கங்கள் புரட்ட வேண்டும். ஆனால் தாதுச்சத்துகள் உடலில் சேர்வதைத் தடுக்கும் பைட்டேட், ஆக்சலேட் ஆகியவற்றின் அளவுகளையும் தந்திருப்பது பெரிய உதவி. கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் கால்சியம் இருந்தாலும் அத்தனையும் உடலில் சேராது என்பதை இவை நினைவூட்டுகின்றன. சாப்பிட்ட உடனே டீ குடிப்பதை நிறுத்தியதும், கீரையோடு எலுமிச்சை பிழியத் தொடங்கியதும் இரும்புச்சத்து உடலில் சேர்வதை டீ தடுக்கும், எலுமிச்சை கூட்டும் என்று படித்த பிறகுதான்.

பெண்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அட்டவணை கையில் வந்ததும் சாப்பாட்டைக் குறைக்கும் கணக்கில் இறங்கிவிடாதீர்கள். ஓடுவதற்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் தப்பலாம், எலும்பு பலவீனமாகலாம்; சர்வதேச ஒலிம்பிக் குழுவே 2014-இல் இதைத் தனி நிலையாகப் பெயரிட்டு எச்சரித்தது. நான் நிறுப்பது போதுமான அளவு சாப்பிடுகிறேனா என்று பார்க்கத்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 528 உணவுகளையும் பார்த்து மலைக்க வேண்டாம். உங்கள் வீட்டு அரிசி, பருப்பு, கடலை, முட்டை ஆகிய நான்கு வரிகளை ஒரு தாளில் எழுதி அடுப்பருகே ஒட்டுங்கள். ஒரு மாதம் நிறுத்தால் கண்ணளவு பழகிவிடும். அதன்பின் புதுப் பதார்த்தம் செய்யும்போது மட்டும் தராசை எடுத்தால் போதும். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.