ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி என்னிடம் விற்கப்பட்ட கார்டு

சென்னை ரிச்சி தெருவில் பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்க எண்ணியிருப்பவர்கள், பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் எனக்கு நேர்ந்ததைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை நான் எழுதவில்லை. அவர்கள் எனக்குத் தந்த துண்டுச் சீட்டிலும் அது இல்லை.

கல்லூரியில் சேர்ந்திருந்த அக்கா மகனின் கணினிக்காக, 8 ஜிபி நினைவகம் கொண்ட, ஏஎம்டி நிறுவனத்தின் பழைய ஆர்எக்ஸ் 580 கார்டு ஒன்றை 7,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். கடைக்காரர் தம்முடைய கணினியிலேயே அதைப் பொருத்தி, கார் பந்தய விளையாட்டு ஒன்றை ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். திரையில் கார்டின் பெயருக்குப் பின்னால் ‘2048எஸ்பி’ என்று இருந்ததைப் பையன்தான் கவனித்து, அது என்னவென்று கேட்டான். "ஸ்பெஷல் எடிஷன் தம்பி" என்று சற்றும் தயங்காமல் பதில் வந்தது. விவரம் தெரிந்தவனைப் போல நானும் தலையாட்டினேன்.

எஸ்பி என்பது ஸ்பெஷல் அன்று, ஸ்ட்ரீம் பிராசசர்; படத்தை உருவாக்கக் கணக்கிடும் சிறு அலகுகள். 2017இல் வெளிவந்த ஆர்எக்ஸ் 580இல் அவை 2304 உண்டு. 2018இல் சீனச் சந்தைக்காக ஏஎம்டி அதே பெயரில் கொண்டுவந்த மாற்று வடிவத்திலோ, ஆர்எக்ஸ் 570இல் உள்ளதைப் போல 2048 மட்டுமே. ஒன்பதில் ஒரு பங்கு குறைந்த பொருளுக்கு முழு விலை கொடுத்திருக்கிறேன்.

அத்தோடு முடிந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். வீட்டில் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை நிறுவியதும், பிழை எண் 43 என்று சொல்லி விண்டோஸ் அந்தக் கார்டையே நிறுத்திவிட்டது. கணினி பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் திறந்து பார்த்தபோது, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடுகள் எண்ணெய் கசிந்து கிடந்தன. கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ், மைனிங்குக்காக, அதாவது ஓயாமல் கணக்கிட வைத்து கிரிப்டோ நாணயம் ஈட்டுவதற்காக, திருத்தி எழுதப்பட்டிருந்தது. மைனிங் செய்பவர்கள் வேகத்துக்காக நினைவகத்தின் நேர அளவுகளை இறுக்கிப் பயாஸை மாற்றுவார்கள் என்றும், அப்படி மாற்றியதை ஏஎம்டியின் டிரைவர் ஏற்காது என்பதால் விண்டோஸில் பேட்ச் என்ற சிறு திருத்த நிரல் ஒன்றைப் போட்டு அதை ஏமாற்றுவார்கள் என்றும் அவர் விளக்கினார். கடைக்காரரின் கணினியில் அந்த பேட்ச் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே ஓடிய கார்டு என் வீட்டில் ஏன் ஓடவில்லை? 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் கைவிட்ட பிறகு, இரவு பகலாக உழைத்துக் களைத்த இத்தகைய கார்டுகள் பழைய பொருள் சந்தையில் வந்து குவிந்தன. நண்பர் மூலப் பயாஸை ஏற்றியதும் பிழை 43 நீங்கியது, ஆனால் அரைமணி நேரம் விளையாடினால் திரையெங்கும் பச்சைப் புள்ளிகள் தோன்றி எல்லாம் உறைந்துவிடுகிறது.

ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய், அதில் ‘ஷேடர்ஸ்’ என்ற கட்டத்தில் 2304 என்று காட்டுகிறதா என ஒரு நிமிடம் பார்த்திருந்தால் முதல் ஏமாற்றையாவது தவிர்த்திருக்கலாம். ஏஎம்டியின் போட்டி நிறுவனமான என்விடியாவின் பழைய சிப்பைப் புதிய பெயரில் விற்கும் மோசடியில், பெயருக்கு முன்னாலேயே ‘ஃபேக்’ என்று அது காட்டிக்கொடுப்பதும் உண்டு. பயாஸ் விஷயத்தைக் கண்டுபிடிக்க, முடிந்தால் உங்கள் கணினியையே சுமந்து செல்லுங்கள். மாடல் பெயரும் வரிசை எண்ணும் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தபோது, அவர்கள் கேட்ட பில்லுக்குப் பதிலாக என் கையில் இருந்தது ‘கார்டு 1, 7,000’ என்று பேனாவால் கிறுக்கிய தாள்.

கடைக்குத் திரும்பிப் போன அன்று ஒன்பதாவது நாள். டெஸ்டிங் வாரன்டி ஏழு நாள்தான் என்றார்கள். நெடுநேரம் வாதாடிய பின், "2,500க்கு எடுத்துக்கிறேன் சார், வேற கார்டு போட்டுக்குங்க" என்று கடைக்காரர் இறங்கி வந்தார். எடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல், அதே பெட்டியைத் துடைத்து மேசைமேல் வைத்தார். கார்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டோம். இப்போது அது என் அலமாரியில் இருக்கிறது.