விடியற்காலையில் மூக்கு பார்க்க ஒரு 8×42

கோலாலம்பூர் புடு பக்கம் ஒரு கேமரா கடையில் போன வருஷம் 620 வெள்ளிக்கு வாங்கிய 8×42 பைனாக்குலர் இது (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்கக் கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர்). கடைக்காரர் "10×42 எடுங்க தம்பி, இன்னும் கிட்ட தெரியும்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அசையவில்லை, காரணம் இரண்டு பூங்குருவிகள்.

பிரேசர் மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், விடிவதற்கு முன் ரோட்டோரம் கருநீலமாக ஒன்று தத்திக்கொண்டிருக்கும், கார் லைட் பட்டதும் புதருக்குள் பாய்ந்துவிடும். அது நீலச் சீகாரப் பூங்குருவியா, அல்லது தித்திவங்சா மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத மலாயாச் சீகாரப் பூங்குருவியா என்பதுதான் எங்கள் காரில் எப்போதும் சண்டை. (இந்த மலாயாப் பறவையின் அறிவியல் பெயரில் வரும் ராபின்சன் அந்தக் காலத்தில் நம்ம சிலாங்கூர் மியூசியத்தில் இருந்தவர்.) நீலத்துக்கு இங்கே அலகு மஞ்சள், இறக்கையில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி, ஆளும் பெரிது. மலாயா 25 சென்டிமீட்டர்தான், அலகு கறுப்பு, புள்ளி கிடையாது. பகலில் பார்த்தால் குழப்பமே இல்லை. ஆறே முக்காலுக்கு, அந்தப் பனிமூட்டத்தில்?

முன்பு என்னிடம் இருந்தது சட்டைப்பையில் போடும் 10×25. 25-ஐ 10-ஆல் வகுத்தால் 2.5 மில்லிமீட்டர், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் அவ்வளவுதான். இருட்டில் கண்மணி அதைப்போல இரண்டு மடங்காவது விரியும், ஆனால் அதை நிரப்ப வெளிச்சம் வர வேண்டுமே. அதில் பார்த்தால் எல்லா மூக்கும் கறுப்பு. அப்படித்தான் இரண்டு தடவை "மலாயா" என்று நோட்டில் எழுதி, மச்சானுக்கு தே தாரிக் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன். இந்த 8×42-இல் அது 5.25. முதல் நாளே, சாக்கடைத் திண்டில் நின்றதன் மூக்கு மஞ்சளாகத் தெரிந்தது, நோட்டில் அந்த இரண்டு வரிக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். உண்மையான மலாயா மூன்றாவது பயணத்தில்தான் கிடைத்தது, தோளில் பளிச்சென்று நீலம்.

10×42 என்றால் 4.2, மோசமில்லைதான், ஆனால் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும், எனக்கு ஆகாது.

குறையும் உண்டு. வார் மட்டம், அரை நாளில் கழுத்தை அறுக்கும். வலது கண்ணுக்கு வைக்கும் ரப்பர் ஆறாம் மாதமே தளர்ந்துவிட்டது, கடைக்குக் கொண்டுபோனால் "அதுக்கு வாரண்டி இல்லப்பா" என்றார்கள், இப்போது டேப் ஒட்டியிருக்கிறேன்.

பழைய 10×25 அக்கா மகனிடம் இருக்கிறது. தைப்பூசத்தன்று பத்துமலையில் நல்ல வெயிலில் காவடி பார்த்தான், அருமையாகத் தெரிகிறதாம்.