விட்டோவா மைக்கேலா: ஒரு காரைக்குடிக்காரன் கணக்கு

காட்ஃபாதர்ங்குற மாஃபியா படத்த பாத்த எவனா இருந்தாலும் ஒரு தடவையாவது இந்தச் சண்டைய போட்டிருப்பான், அப்பன் விட்டோ பெரிய டானா இல்ல மகன் மைக்கேலா. எங்க செக்காலை ரோட்டு டீக்கடை செட்டுல முக்காவாசிப் பேரு மைக்கேல் கட்சி. காரணம் கேட்டா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவானுங்க, சர்ச்சுல புள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்துக்கிட்டு இருக்குறப்பவே மத்த குடும்பத்துத் தலைங்க அத்தனை பேரையும் லாஸ் வேகாஸ் கேசினோக்காரன் மோ கிரீனையும் சேத்து ஒரே மூச்சுல முடிச்சுட்டான்ல, அதுக்கு மேல என்ன கெத்து வேணும்னு. நான் விட்டோ கட்சி. அவன் நல்லவன்னு சொல்ல வரல, அவனும் தெருவுல மாமூல் வாங்குன ஃபனூச்சிய சுட்டுக் கொன்னுட்டுத்தான் தொழில ஆரம்பிச்சான். அதிகாரத்த எங்க வச்சுக்கணும், உசுர எப்படிக் காப்பாத்திக்கணும்னு ரெண்டு பேருக்கும் ரெண்டு கணக்கு இருக்கு, நான் பேச வந்தது அந்தக் கணக்க மட்டும்தான்.

விட்டோவோட சொத்து முழுக்க வெளில நிக்குற கடன். பொணத்த அலங்கரிச்சு அடக்கம் பண்ற தொழில்காரர் பொனசெரா வர்ற சீன எடுத்துக்கங்க, மகள அடிச்சுப் போட்ட பசங்கள கோர்ட்டு சும்மா அனுப்பிருச்சுன்னு அழுதுக்கிட்டு வந்து எவ்வளவு பணம் வேணும்னு கேக்குறாரு, விட்டோவுக்கு அதுதான் கோவம், பணத்த வாங்கிட்டா அத்தோட கணக்கு தீந்துரும்ல. வாங்கல. எப்பவாச்சும் ஒரு நாளு நான் ஒண்ணு கேப்பேன், அப்ப செய்யுங்கங்குற மாதிரி சொல்லி அனுப்பிடுறாரு. எதிர்த்த வீட்டு ஆச்சி பேரனோட உக்காந்து இத பாத்துட்டு "ஏம்ப்பா, ஒண்ணுமே எழுதி வாங்காம அனுப்புறானே, திரும்பி வந்துருமா?"ன்னு கேட்டாங்களாம். சரியான கேள்வி. வந்துச்சே! மூத்த மகன் சன்னிய எதிரிங்க சுட்டுக் கொன்னப்ப, ஒடம்பெல்லாம் ஓட்டையா கெடக்குற மகன அவங்க அம்மா பாக்குற மாதிரி கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்கன்னு அதே பொனசெரா கிட்டத்தான் விட்டோ போயி நிக்குறாரு. அவ்வளவு பெரிய கடன கொலைக்கும் பயன்படுத்தல, மிரட்டவும் பயன்படுத்தல, ஒரு தாய்க்காகச் செலவு பண்ணுனாரு. அந்த நேரத்துல அத செய்ய அவருக்கு வேற யாரும் இல்ல, கோடி கொட்டினாலும் அந்தக் கை கிடைக்காது.

ரெண்டாம் பாகத்துல சின்ன வயசு விட்டோவும் இதே வேலையத்தான் பாக்குறான். நாய் வளத்ததுக்காக ஒரு விதவை அம்மாவ வீட்ட காலி பண்ணச் சொல்லுவான்ல அந்த வீட்டுக்காரன், அவன அடிக்கல, கத்திய எடுக்கல, என்னப் பத்தி அக்கம்பக்கத்துல விசாரிங்கன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடுறான், அவன் விசாரிச்சுட்டு ஓடி வந்து வாடகையையும் கொறச்சுட்டு கதவக்கூட ஒழுங்கா தொறக்கத் தெரியாம பதறிப் போறான்.

ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்புன்னு போயி கொடுக்கல் வாங்கல் பண்ணுன ஊருக்காரனுக்கு இது புரியறதுக்கு பெரிய விளக்கம் வேண்டாம். பணம் பெட்டிக்குள்ள கெடந்தா அதுக்கு வேலை இல்ல, வெளில நின்னாத்தான் வட்டி. நகரத்தார் செட்டியாருங்கள டானோட சேத்துப் பேசுறேன்னு யாரும் சண்டைக்கு வந்துராதீங்க, கணக்கு வச்ச முறைய மட்டும்தான் சொல்றேன், அவங்களுக்குப் பின்னாடி பத்திரமும் கோர்ட்டும் நின்னுச்சு, விட்டோவுக்குப் பின்னாடி அடியாள் லூகா பிராசி நின்னான். போதைப் பொருள் வியாபாரி சொலாட்ஸோவோட ஆளுங்க லூகாவ கழுத்த நெரிச்சுக் கொன்னுட்டு அடுத்ததா விட்டோவ தெருவுல பழம் வாங்குறப்ப சுட்டானுங்க, அந்த வரிசையே தற்செயல் இல்ல. கடன வசூல் பண்ற கைய மொதல்ல ஒடச்சுட்டுத்தான் கடன் கொடுத்தவன் மேல கைய வச்சானுங்க.

இப்ப மைக்கேல். இவனுக்கு அப்பனோட நோட்டு கைக்கு வந்துச்சு, ஆனா அந்த நோட்டுல பேரு இருக்குற எவனும் இவன்கிட்ட கடன் வாங்கல. பொனசெரா கைய முத்தம் கொடுத்தது விட்டோவுக்கு, மைக்கேலுக்கு இல்ல. இதப் பலரும் யோசிக்கிறதே இல்ல, மைக்கேல் கொடூரமானவனா மாறுனதுக்கு குணம் மட்டும் காரணம் இல்ல, அவனுக்கு வந்த சொத்துல பாதி வசூலாகாத சொத்து. அதனால அவன் வேற வழிய பிடிக்கிறான், எல்லாத்தையும் சொந்தமாக்கிக்கிறது. மோ கிரீன்கிட்ட போயி உன் பங்க நான் வாங்கிக்கிறேன்னு நேருக்கு நேரா சொல்றான், முடியாதுன்னதும் ஆள் காலி. நெவாடாவுக்கு வீட்ட மாத்துறான், கேசினோ, ஹோட்டல்னு கைக்குள்ள வளைக்கிறான். பாக்க அப்பன விட நூறு மடங்கு பெருசு.

ஆனா சொத்து கண்ணுக்குத் தெரியும், அதுதான் சிக்கலே. இத எங்க ஊரு பர்மாவுல பட்டுத் தெரிஞ்சுக்கிச்சு. கீழ் பர்மாவோட முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல 1930ல செட்டியாருங்க கையில இருந்த நிலம் 6 சதவீதம், 1938ல அது 25 சதவீதம். அவங்க நிலம் வேணும்னு அலையல, கடன் கொடுத்தவனுக்கு எதுக்கு வயலு? 1930 வாக்குல நெல்லு வெல விழுந்துச்சு, வாங்குனவனால கட்ட முடியல, நிலமா வந்து மடியில விழுந்துச்சு. எட்டு வருஷத்துல கடன் கொடுத்த ஆளு நிலத்தப் புடுங்குன ஆளா மாறிட்டாரு ஊருக்காரன் பார்வையில. 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்தாங்க, பல பேரு நடந்தே, அப்பறம் 1948ல சுதந்திர பர்மாவோட நில தேசியமயச் சட்டம். கானாடுகாத்தான்ல இன்னைக்கும் நீங்க தடவிப் பாக்குற தேக்குத் தூணு அதுக்கு முன்னாடியே இங்க கப்பல்ல வந்து சேந்துட்டதால தப்பிச்சது.

இந்த எடத்துல மைக்கேலுக்கு நான் முழு மார்க்கும் போட்டே ஆகணும், ஏன்னா விட்டோவ நியூயார்க்க விட்டு வெளில வச்சு படம் பெருசா சோதிக்கவே இல்ல, மைக்கேல சோதிச்சுது. கியூபாவுல எல்லாப் பெரிய முதலாளியும் கேக் வெட்டிப் பங்கு பிரிச்சுக்கிட்டு இருக்கான், மைக்கேல் மட்டும் கார்ல போறப்ப பாத்த ஒரு விஷயத்தையே நெனச்சுக்கிட்டு இருக்கான், ஒரு புரட்சிக்காரன் போலீஸ் கையில சிக்காம குண்ட வெடிச்சு ஆபீசரோட சேந்து செத்துப் போறான். பட்டாளத்துக்காரனுக்கு சம்பளம் உண்டு, இவனுக்கு இல்ல, அப்ப இவனுங்க ஜெயிச்சாலும் ஜெயிப்பானுங்கன்னு கணக்குப் போட்டு அங்க போட வேண்டிய ரெண்டு மில்லியன் டாலர கையவிட்டுக் கொடுக்காம இழுத்தடிக்கிறான். 1958 டிசம்பர் 31 ராத்திரி கியூபா அதிபர் பாட்டிஸ்டா ஆட்சிய விட்டு ஓடுறாரு. அந்தக் கண்ணு 1930கள்ல ரங்கூன் மொகல் தெருவுல நாலு பேருக்கு இருந்திருந்தா இங்க பல வளவு, அதான் செட்டியார் வீடு, பூட்டிக் கெடக்காது, முனீஸ்வரன் கோவில் தெருவுல கதவும் நெலையும் பழைய சாமானா விலைக்கு வந்திருக்காதுன்னு எனக்குத் தோணும். மைக்கேல் கட்சிக்காரனுங்க ஞானஸ்நானம் சீனையே பேசிக்கிட்டு இருக்காம இத பேசலாம், இது அத விட வலுவான பாயிண்டு.

விட்டோவோட பெரிய ஓட்ட, புள்ளைங்கள பழக்காதது. சொலாட்ஸோ போதைப் பொருள் வியாபாரத்துக்குப் பணமும் போலீஸ் பாதுகாப்பும் கேட்டு வர்றான், விட்டோ நிதானமா வேண்டாங்குறாரு, சூதாட்டம்னா கண்ண மூடிக்கிற அரசியல்வாதி இதுன்னா விலகிருவான்னு. ரொம்பச் சரியான கணக்கு. நடுவுல சன்னி வாயத் தொறந்து ஆசைய காட்டிடுறான், அப்பன் போயிட்டா மகன் மடிவான்னு எதிராளிக்குத் தெரிஞ்சு போச்சு, அந்த ஒரு வார்த்தைதான் விட்டோ மேல அஞ்சு குண்டா பாஞ்சுச்சு. நகரத்தார் கடையில மொதலாளி மகனா இருந்தாலும் இன்னொருத்தர் கடையில பெட்டியடிப் பையனா, அதான் கடைசிப் படி எடுபிடியா, போயி உக்காந்து, அடுத்தாளாகி, அப்பறம்தான் கடைய நடத்துற மேலாள். பேச்சு நடக்குற எடத்துல பெட்டியடிப் பையன் வாயத் தொறந்தான்னா தொலஞ்சான். விட்டோ மூணு புள்ளையில ஒருத்தனையும் அப்படி உக்கார வைக்கல. மைக்கேல செனட்டராக்கணும்னு கனவு கண்டுட்டு தொழிலே காட்டல, சன்னிய அடக்கல, ஃப்ரெடோவ ஆளாவே மதிக்கல. கடைசி காலத்துல தோட்டத்துல உக்காந்து, எதிரி டான் பார்சினியோட பேச்சுக்கு ஏற்பாடு பண்றேன்னு எவன் வர்றானோ அவன்தான் துரோகின்னு மகனுக்குச் சொல்லிக் கொடுக்குறாரு பாருங்க, அருமையான பாடம்தான், இருபது வருஷம் லேட்டு.

பொழச்சுக் கெடக்குறதுல யாரு கெட்டின்னு வந்தா எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்ல. மகன கொன்னவங்களோட ஒரே மேசையில உக்காந்து, பழி வாங்க மாட்டேன், அரசியல் ஆளுங்களையும் பகிந்துக்கிறேன்னு சொல்லி கட்டிப்புடிக்க முடியுமா யாராலயாவது? விட்டோ பண்ணுனாரு, தலைமறைவா இருந்த மைக்கேல் சிசிலியில இருந்து உசுரோட வரணும்ங்குறதுக்காக. வாரா கடன்னு எழுதிட்டு மிச்சத்த காப்பாத்துற புத்தி அது. மைக்கேலுக்கு எழுதித் தள்ளவே தெரியாது. கூட்டாளியா இருந்து எதிரியான ஹைமன் ராத்து நோயில சாகக் கெடக்குற கெழவன், எந்த நாடும் சேக்கல, ஏர்போர்ட்டுலயே கைது பண்ணப் போறாங்க, நீதான் ஜெயிச்சுட்டியே இன்னும் எதுக்குன்னு குடும்ப வக்கீல் டாம் ஹேகன் கேக்குறான், கேக்காம ஆள அனுப்பிக் கொல்றான், போன ஆளும் செத்தான். ஃப்ரெடோ கதை தெரிஞ்சதுதான், அம்மா சாகுற வரைக்கும் காத்திருந்து கூடப் பொறந்தவன ஏரிக்கு நடுவுல முடிக்கிறான். எந்தப் பாக்கியும் விடாம வசூல் பண்ணுனதுல கடைசியில கடையில வேலைக்கே ஆளு இல்ல.

நம்ம நாயகன் (1987) வேலு நாயக்கர இதுல எங்க வைக்கிறதுன்னு ஒருத்தன் கேட்டான். அவரு விட்டோ ஜாதி, கடன வெளில விட்டு ஆளு சேத்தவரு, தாராவியே அவருக்குக் கடன்பட்டுக் கெடந்துச்சு. ஆனா அவரால கொல்லப்பட்ட இன்ஸ்பெக்டரோட பொண்டாட்டிக்கும் புத்தி வளராத புள்ளைக்கும் காசு கொடுத்து அந்தக் கணக்கையும் சரிக்கட்டப் பாத்தாரு. கோர்ட்டு விடுதலை பண்ணி வெளில வந்த அன்னைக்கு அந்தப் புள்ளைதான் சுடுறான். உதவி பண்ணுனா கடன் ஏறும் சரி, கொலை பண்ணுன கடன உதவியில கழிக்க முடியாதுல்ல.

யாருகிட்ட வேலைக்குப் போவேன்னு கேட்டா, நான் கண்ண மூடிக்கிட்டு விட்டோகிட்ட. விட்டோவோட பழைய தளபதி டெஸ்ஸியோ துரோகம் பண்ணி மைக்கேல்கிட்ட மாட்டுனப்ப டாம்கிட்ட பழைய பழக்கத்துக்காக காப்பாத்த முடியுமான்னு கேட்டான்ல, முடியாதுன்னுட்டான். விட்டோவா இருந்தாலும் அவன விட்டிருக்க மாட்டாருன்னு எங்க செட்டுல அடிச்சுச் சொல்றானுங்க, துரோகம் துரோகம்தானாம். இருக்கலாம், ஆனா விட்டோ காலத்துல டெஸ்ஸியோ அந்த வேலையப் பாக்கவே இல்லையே, அதுக்கு மட்டும் ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டேங்குறான்.